கத்திரி வெயிலில் வீட்டுத் தோட்டம்: முதல் பாடம் தண்ணீர் இல்லை, நிழல்

வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலைப் பக்கம் வீடு. இயற்கை விவசாயத்தில் நான் முதல் அடி வாங்கியது வயலில் இல்லை. வீட்டுப் பின்பக்கம் இருக்கிற 400 சதுர அடி இடத்தில்தான்.

பணிநிறைவு மாசியில். கையில் நேரம் இருந்தது, ஆசையும் இருந்தது. உடனே தக்காளி விதையை நாற்றுவிட்டேன். பங்குனியில் 24 நாற்று தேறியது. 12 நாற்றை நான் நட்டேன். மீதி 12-ஐ கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்கிற ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். ஒரு காலத்தில் பயிர்க்கடனுக்கு என்னிடம் வந்து பழகியவர்.

சித்திரையில் என் செடி நன்றாகப் பூத்தது. பூத்த பூ எல்லாம் காம்போடு உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் ஊற்றினேன். வேர் அழுகி நான்கு செடி செத்ததுதான் மிச்சம். வீட்டில் அம்மணி சொன்னாள்: "ஏங்க, குடிக்கிற தண்ணியே அளந்து புடிக்கிற தெரு இது. நீங்க குடம் குடமா கொட்டுறதைப் பார்த்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. காரணம் இருக்கிறது. 2003, 2004 வறட்சியில் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் எழுதிக் கொடுத்தவன் நான். புழுதி மட்டும் பறந்த கிணறுகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீர் வராத கிணற்றுக்கும் தவணை உண்டு. அதைக் கேட்டு வீட்டு வாசலுக்குப் போனவனும் நான்தான். அப்படிப்பட்டவன், நாலு தக்காளிக்காகத் தெருத் தண்ணீரைக் கொட்டலாமா?

வைகாசியில் மலைக்குப் போனேன். அங்கே அதே விதை, அதே நாற்று, கொத்துக் கொத்தாய்க் காய்த்து நின்றது. நண்பர் சிரித்தார். "சார், இங்க ராத்திரிக்குப் போர்வை வேணும். உங்க ஊர்ல ராத்திரியும் வேகுது. செடி எப்ப சார் தூங்கும்?"

அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ பிஞ்சாகாமல் உதிரும். பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தை, வெக்கையான இரவில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும். இதற்குத் தண்ணீர் மருந்தில்லை. உரமும் மருந்தில்லை. பட்டம்தான் மருந்து. சமவெளியில் தக்காளிக்கு ஆடி வரை பொறுங்கள்.

கொடி அவரையும் இப்படித்தான். அதற்குச் சூடு மட்டும் காரணமில்லை. பகல் பொழுது குறைந்தால்தான் நம் நாட்டு அவரை பூக்கும். சித்திரையில் ஊன்றினால் பந்தல் நிறைய இலைதான் கிடைக்கும். ஆடியில் ஊன்றி மார்கழி, தையில் பறிப்பது என்று பெரியவர்கள் வைத்தது சும்மா இல்லை.

அப்படியானால் வெயிலில் என்ன போடலாம்? வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை. பந்தலில் பீர்க்கன், சுரை. நாட்டுக் கத்தரியும் தாங்கும். இவை எல்லாம் சூட்டுக்குப் பழகிய பயிர்கள். மாசிக் கடைசியில் விதைத்துவிட்டால் மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறப்பதற்குள் வேர் ஆழம் போய்விடும். கீரை 25, 30 நாளில் கைக்கு வரும். வெண்டை 45 நாளில் முதல் பறிப்பு. புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சீக்கிரம் ஏதாவது சட்டிக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் மனம் விட்டுப்போகும்.

இனி தண்ணீர்க் கணக்கு. வங்கிக்காரன் புத்தி, கணக்கில்லாமல் விடாது. கோடையில் நம் பக்கம் ஒரு சதுர மீட்டர் பாத்தி நாளுக்குச் சுமார் 6 லிட்டர் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுக்கிறது. 10 அடிக்கு 3 அடி பாத்தி 2.8 சதுர மீட்டர். அப்படி நான்கு பாத்தி வைத்திருக்கிறேன். ஆக 65 லிட்டருக்கு மேல் வேண்டும். இப்போது நான் ஊற்றுவது 15 லிட்டர் வாளியில் மூன்று. மீதி 20 லிட்டரை மிச்சம் பிடித்தது மூன்று வேலைகள்.

ஒன்று, மூடாக்கு. நம்மாழ்வார் ஐயா விடாமல் வலியுறுத்தியது இதைத்தான். எங்கள் மாவட்டம் கரும்பு மாவட்டம்; மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் உண்டு. வெட்டு முடிந்ததும் பல வயலில் சோகையைக் கொளுத்துகிறார்கள். கேட்டால் சும்மாவே தருவார்கள். பாத்தியில் நான்கு விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சோகை அடியோடு காய்ந்து கிடந்தால் கரையான் வரும். லேசாக ஈரம் இருக்கட்டும். விதை முளைத்து ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

இரண்டு, மேற்கு நிழல். செடியைச் சுடுவது காலை வெயில் இல்லை; இரண்டு மணிக்கு மேல் அடிக்கிற மேற்கு வெயில். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நட்டு நிழல் கட்டுவார்களே, அதே யுக்தி. ஆடியில் மேற்கு ஓரம் அகத்தி விதையை ஊன்றினால் அடுத்த கோடைக்கு நிழலும் ஆச்சு, கீரையும் ஆச்சு. இந்தக் கோடைக்கு? நாலு கழி நட்டு தென்னங்கீற்றை மேற்குப் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். பீர்க்கன் பந்தலின் கீழே கீரை விதைத்தாலும் போதும்.

மூன்று, பானைப் பாசனம். சீனத்தில் 2,000 வருஷத்துக்கு முன்னால் எழுதின விவசாய நூலிலேயே இந்த முறை இருக்கிறது. மெருகு பூசாத 5 லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். சுற்றி ஒரு அடிக்குள் நான்கு செடி. மண் காய்ந்தால் பானை கசியும். ஈரமாக இருந்தால் கசிவு குறையும். வாங்கும்போது ஒரு சோதனை: இரவு தண்ணீர் நிரப்பி வையுங்கள். காலையில் பானையின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஆகும். வாயைத் திறந்து போடாதீர்கள், கொசு வந்துவிடும்.

என் மூன்று வாளியும் அரிசி, காய்கறி கழுவின தண்ணீர்தான். குறைந்தால் கொஞ்சம் நல்ல தண்ணீர் சேர்ப்பேன். குளித்த தண்ணீர் வாழைக்கும் பப்பாளிக்கும் போகிறது. சோப்புத்தூள் தண்ணீரைப் பாத்தியில் விடாதீர்கள்.

இன்னும் சில விஷயம். மதியம் இலை தொங்கினால் பதறாதீர்கள். மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்தால் செடி நலம். காலையிலும் தொங்கினால்தான் தாகம். சோகையை விலக்கி இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று விடுமுறை. பஞ்சகவ்யம் 10 லிட்டருக்கு 300 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பச்சைச் சாணியை நேராகப் போடாதீர்கள், மக்கிய எரு போதும். இலைக்கு அடியில் வெளிறிய புள்ளியும் மெல்லிய வலையும் தெரிந்தால் செம்பேன். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். வெண்டையில் நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்புகிற தேமல். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். "மேனேஜர் சார், எனக்குக் கைராசியே இல்ல. ரெண்டு கோடையா எல்லாம் காஞ்சு போச்சு, விட்டுட்டேன்" என்றார். அவர் நட்டதும் தக்காளிதான், மேற்குச் சுவர் ஓரம், வெறும் மண்ணில். இந்த ஒரு காரணத்தால்தான் பலபேர் முதல் கோடையோடு வீட்டுத் தோட்டத்தையே கைவிடுகிறார்கள். கைராசி என்று ஒன்றும் இல்லை. நான் அவருக்குக் கொடுத்தது ஒரு கட்டு சோகை, ஒரு பானை, ஒரு பிடி தண்டுக்கீரை விதை, அவ்வளவுதான்.

நீங்களும் 400 சதுர அடியையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். இந்தக் கோடைக்கு 10-க்கு 3 அடியில் ஒரு பாத்தி. அது பிழைத்தால் மண் உங்களுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். மீதி மூன்று பாத்தியை ஆடியில் போடுங்கள். தக்காளியையும் அப்போது நடுங்கள். நானும் அப்போதுதான் நடுகிறேன்.