ப்ளூடூத்தில் போனும் டேப்லெட்டும் 'பேர்' ஆகியும் கனெக்ட் ஆகலையா? ரீசெட் அடிக்கும் முன் இதைப் படிங்க!

போனிலும் டேப்லெட்டிலும் ப்ளூடூத் ஆன் செய்தாச்சு. 'பேர்' என்பதைத் தொட்டதும் இரண்டிலும் ஒரே 6 இலக்க எண் வருகிறது, ஓகேவும் கொடுத்தாச்சு. ஒரு நொடி 'கனெக்டட்' என்று காட்டுகிறது. அடுத்த நொடியே அந்த வார்த்தை மறைந்து, வெறும் பெயர் மட்டும் நிற்கிறது. மறுபடி தொட்டாலும் அதே கதைதான்.

இந்த இடத்தில்தான் பலர் தவறான முடிவெடுக்கிறார்கள். 'ப்ளூடூத் போச்சு' என்று சர்வீஸ் கடைக்குப் போகிறார்கள். இல்லையென்றால் ஃபேக்டரி ரீசெட் அடித்து, உள்ளே இருந்த போட்டோ, வீடியோ, பாடக் குறிப்பு எல்லாவற்றையும் இழக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நேரம் அங்கே பழுது எதுவும் இல்லை.

ஏன் இது முக்கியம்?

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் திட்டத்தை 2024-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அதற்கு முன்பே கொரோனா கால ஆன்லைன் வகுப்புகளால் பல வீடுகளுக்கு டேப்லெட் வந்துவிட்டது. சிம் இல்லாத டேப்லெட் என்றால் பல நேரம் போனில் இருந்துதான் நெட் எடுக்க வேண்டியிருக்கும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ரிஷிவந்தியம் சமவெளியில் இருக்கும் ஊர். அங்கிருந்து மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறினால், சிக்னலைத் தேடி அலைய வேண்டிய கிராமங்கள் பல உண்டு. டவர் இல்லாத இடத்திலும் ஒரு போனில் இருக்கும் பாட வீடியோவையோ படிவத்தையோ டேப்லெட்டுக்கு அனுப்ப ப்ளூடூத் போதும். அதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. அந்த நேரத்தில் அது வேலை செய்யாவிட்டால், வேலை நாளைக்குத் தள்ளிப்போகும்.

'பேர்' வேறு, 'கனெக்ட்' வேறு

'பேர்' ஆவது என்பது அறிமுகம் மாதிரி. இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று நம்பலாம் என்று ஒரு ரகசியக் குறியீட்டைப் பரிமாறிச் சேமித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். 'கனெக்ட்' என்பது, ஏதாவது ஒரு வேலைக்காக இரண்டும் பேச ஆரம்பிப்பது.

ஹெட்செட்டை போனுடன் இணைத்தால் அது 'கனெக்டட்' என்றே நிற்கும். பாட்டும் அழைப்பும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் இணைப்பு திறந்தே இருக்கிறது. போனுக்கும் டேப்லெட்டுக்கும் அப்படி நிரந்தர வேலை கிடையாது. அதனால் அறிமுகம் முடிந்ததும் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். ஃபைல் அனுப்பும்போதோ நெட் பகிரும்போதோ மட்டும் மறுபடி இணையும். ஆக, பெயர் 'பேர்டு' பட்டியலில் இருந்தாலே போதும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. போனில் ஓடும் பாட்டை டேப்லெட் ஸ்பீக்கரில் கேட்கலாம் என்று சிலர் முயற்சி செய்வார்கள். பெரும்பாலான டேப்லெட்டுகள் ப்ளூடூத் ஸ்பீக்கராகச் செயல்படாது. அதுவும் பழுது கிடையாது.

நெட் பகிர்வது எப்படி?

பலர் பாதியிலேயே விட்டுவிடும் வேலை இது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு பொத்தானை ஆன் செய்ய வேண்டும்.

1. போனில் மொபைல் டேட்டாவை ஆன் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் பகுதிக்குப் போய் 'ப்ளூடூத் டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள்.
2. டேப்லெட்டின் ப்ளூடூத் பக்கத்தில், போனின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரக் குறியைத் தொடுங்கள்.
3. அங்கே 'இன்டர்நெட் ஆக்சஸ்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். இப்போது 'கனெக்டட்' என்று நிலையாக நிற்கும்.

வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட இதில் போனின் பேட்டரி குறைவாகச் செலவாகும். ஆனால் வேகமும் குறைவு. வழக்கமான ப்ளூடூத்தின் உச்ச வேகமே நொடிக்கு 3 மெகாபிட்தான், கைக்குக் கிடைப்பது சுமார் 2. படிவம் அனுப்ப, மெசேஜ் பார்க்க இது போதும். வீடியோ பார்க்க வேண்டும் என்றால் ஹாட்ஸ்பாட்தான் சரி. போனுக்கே டவர் இல்லை என்றால், எந்த வழியில் பகிர்ந்தாலும் டேப்லெட்டுக்கு நெட் வராது.

ஃபைல் போகவில்லையா?

அனுப்பும் பக்கத்தில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, 'ஷேர்' கொடுத்து, அதில் ப்ளூடூத்தைத் தொட வேண்டும். வாங்கும் டேப்லெட்டில் 'அக்செப்ட்' கேட்டு ஒரு அறிவிப்பு வரும். அது மேலே நோட்டிஃபிகேஷன் பட்டையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் 'அனுப்ப முடியவில்லை' என்று வந்துவிடும். அதனால் அனுப்பும்போது டேப்லெட் திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5 எம்பி போட்டோ போக சுமார் 20 நொடி ஆகும். 100 எம்பி வீடியோவுக்கு 6, 7 நிமிடம். 1 ஜிபி படம் என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பெரிய ஃபைலுக்கு ஆண்ட்ராய்டில் இருக்கும் 'குயிக் ஷேர்' நல்லது. அது பக்கத்தில் இருக்கும் கருவியை ப்ளூடூத் மூலம் கண்டுபிடித்து, ஃபைலை வைஃபை வேகத்தில் அனுப்பும். இதற்கும் நெட் கட்டாயம் கிடையாது.

ஒரு பக்கம் ஐபோன் அல்லது ஐபேட், மறுபக்கம் ஆண்ட்ராய்டு என்றால், ப்ளூடூத் 'ஷேர்' மூலம் ஃபைல் போகாது. ஆப்பிள் அந்த வசதியைத் தரவில்லை. எத்தனை முறை 'பேர்' செய்தாலும் பலன் இல்லை. மணிக்கணக்கில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

'பேர்' கூட ஆகவில்லை என்றால்?

இந்த வரிசையில் பாருங்க. ஒன்று சரியாகிவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டியதில்லை.

1. இரண்டிலும் ப்ளூடூத் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தே வையுங்கள். ஆண்ட்ராய்டு கருவி பொதுவாக அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது மட்டும்தான் புதிய கருவிகளின் கண்ணுக்குத் தெரியும்.
2. இரண்டையும் ஒரே மேசையில் வையுங்கள். ப்ளூடூத் எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர்தான். நடுவில் இரும்பு பீரோ, கனமான சுவர் இருந்தால் அதுவும் குறையும்.
3. பேட்டரி சேவர், ஏரோபிளேன் மோடு ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.
4. இரண்டு கருவிகளையும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
5. பழைய இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்குங்கள். முக்கியம்: இரண்டு பக்கமும் நீக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால், மறுபக்கம் பழைய குறியீட்டையே காட்டி இணைய முயலும், அதனால் மறுக்கப்படும்.
6. கடைசி வழி, செட்டிங்ஸின் 'ரீசெட்' பகுதியில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட். இதில் போட்டோ, ஃபைல் எதுவும் போகாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் ப்ளூடூத் இணைப்புகளும் அழியும். பாஸ்வேர்டை முன்பே எழுதி வையுங்கள்.

பள்ளியோ அலுவலகமோ கொடுத்த டேப்லெட்டில் ப்ளூடூத் பகிர்வே பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் நீங்களாக ரீசெட் செய்யாமல், கொடுத்தவர்களிடமே கேளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் அசட்டை வேண்டாம்

பேருந்து நிலையம், சந்தை, கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் தெரியாத பெயரில் 'பேர்' கேட்டு வந்தால் மறுத்துவிடுங்கள். இரண்டு திரையிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓகே கொடுங்கள். எண் மாறியிருந்தால், வேறு யாருடைய கருவியோ நடுவில் வந்திருக்கலாம்.

2017-ல் 'ப்ளூபார்ன்' என்ற பெயரில் வெளியான குறைபாடுகள், 'பேர்' செய்யாமலேயே ஒரு கருவிக்குள் நுழைய முடியும் என்று காட்டின. அதற்கான திருத்தம் அப்டேட்டாக வந்தது. அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போன் வைத்திருப்பவர்கள், வேலை முடிந்ததும் ப்ளூடூத்தை ஆஃப் செய்துவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்து, புதிதாக ஒரு ஹெட்செட்டை இணைத்துப் பார்த்தும் இணையவில்லை என்றால், அப்போது கருவியில் பழுது இருக்கலாம். அப்போது கடைக்குப் போகலாம். போவதற்கு முன் போட்டோ, ஃபைல்களை மெமரி கார்டிலோ கணினியிலோ ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.