உங்களுக்குத் தெரியுமா? நாலு பக்கமும் சுவிஸ், நடுவில் ஒரு ஜெர்மன் ஊர்!

ரைன் நதிக்கரையில் இருக்கும் ப்யூசிங்கன் ஜெர்மனியின் ஊராட்சி. பரப்பு 7.62 சதுர கி.மீ., மக்கள் சுமார் 1,500 பேர். ஆனால் ஊரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் சுவிட்சர்லாந்துதான். தாய்நாட்டு எல்லை மிக நெருங்கும் இடத்தில் சுமார் 700 மீட்டர் தொலைவு!

● 1693-ல் ஊரின் பிரபு எபர்ஹார்ட் இம் தூர்னைச் சொந்த உறவினர்களே கடத்திப்போய் பக்கத்து சுவிஸ் நகரமான ஷாஃப்ஹவுசனில் சிறைவைத்தனர். அப்போது ஊரின் மேலாட்சி உரிமையை வைத்திருந்த ஆஸ்திரியாவுக்கு வந்த கோபம் தீரவே இல்லை. 1770-ல் பக்கத்து ஊர்களான ராம்சன், டோர்ஃப்லிங்கன் மீதான உரிமையை சூரிச்சுக்கு விற்றபோதும் ப்யூசிங்கனை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டது.

● ஊர் பின்னர் ஜெர்மனி வசமானது. அங்கு நடந்த 1918 வாக்கெடுப்பில் 96 சதவீதம் பேர் சுவிட்சர்லாந்தோடு சேர விரும்பினர். ஜெர்மனிக்கு மாற்றாகத் தர சுவிட்சர்லாந்திடம் பொருத்தமான நிலம் இல்லாததால் பேச்சு முறிந்தது.

● 1967 முதல் ஊர் சுவிஸ் சுங்க எல்லைக்குள் இருக்கிறது. கடைகளில் பெரும்பாலும் சுவிஸ் ஃபிராங்க்தான் புழங்குகிறது, யூரோவும் செல்லும்.

● தபாலுக்கு இரண்டு குறியீடுகள்: ஜெர்மனிக்கு 78266, சுவிட்சர்லாந்துக்கு 8238. எதை எழுதினாலும் கடிதம் வந்து சேரும்.

● உள்ளூர் கால்பந்து அணி ஆடுவது சுவிஸ் லீக்கில்!