பாடலடியும் சுரவரியும்

பவுல் அடிகள் ஆவியோடு மட்டுமன்றிக் கருத்தோடும் பாடவேண்டுமென 1 கொரிந்தியர் 14:15இல் வற்புறுத்துகிறார். பாடற்பிரதியில் வரிகள் முறியும் இடம் இக்கருத்துக்குத் துணையாகலாம், இடையூறுமாகலாம்.

சுரலிபி அமைக்கும் கணினி மென்பொருள்களுள் லிலிபாண்ட் ஒன்று. 1996ஆம் ஆண்டு தோன்றிய இதில் சுரங்களை எழுத்துகளாகத் தட்டச்சு செய்தால், கணினி அவற்றை ஐங்கோட்டுச் சுரலிபியாக வரைந்து தரும். வரியை முறிக்க 'பிரேக்' என்னும் கட்டளை உண்டு. ஆயினும் சில வேளைகளில் அதனை இட்டும் வரி முறிவதில்லை. காரணம் யாது?

முதலாவது, தாள அளவுகளைப் பிரிக்கும் பார் கோட்டில் மட்டுமே வரி முறியலாம் என்பது இம்மென்பொருளின் பொது விதி. கீதங்களின் அடிகளோ பெரும்பாலும் பார் கோட்டுக்கு முந்திய எடுப்புச் சுரத்தில் தொடங்குகின்றன. ஜான் நியூட்டனின் 'அமேசிங் கிரேஸ்' கீதம் பாடப்படும் 'நியூ பிரிட்டன்' மெட்டு மூன்றெண்ணிக்கைத் தாளமுடையது. அதன் முதலடி இரண்டாம் எண்ணிக்கையோடு முடிய, மூன்றாம் எண்ணிக்கை அடுத்த அடிக்கு உரியதாகிறது. பார் கோட்டில் முறித்தால், அடுத்த அடியின் முதற்சொல் முந்திய வரியின் கடைசியில் அநாதையாய் நிற்கும். இதற்குப் பரிகாரம், அடி முடியும் இடத்தில் 'பார்' கட்டளையை எழுதி, அதன்பின் உள்ளீடற்ற இரட்டை மேற்கோட்குறியை இடுவதாம். கண்ணுக்குப் புலப்படாத கோடொன்று அங்கே அமையும். அதையடுத்து 'பிரேக்' இட்டால் வரி முறியும்.

இரண்டாவது, நான்கு குரல்களுள் ஒன்றில் ஒரு சுரம் அவ்விடத்தைக் கடந்து ஒலித்துக்கொண்டிருப்பினும் முறிவு தடைப்படும். அச்சுரத்தை இரண்டாகப் பகுத்து, 'டை' என்னும் பிணைப்புக்குறியால் இணைத்தல் வேண்டும்.

மூன்றாவது, எங்கோ ஒரு சுரத்தின் கால அளவு பிழைபட்டிருக்கலாம். ஒவ்வோர் அளவின் முடிவிலும் நெடுங்குத்துக்கோடு தட்டச்சு செய்தால், கணக்குப் பிசகிய இடத்தைக் கணினி எச்சரிக்கும். ஆகவே, இச்சோதனையை முதலில் செய்து, பின்னர் ஏனைய பரிகாரங்களை நாடுவதே முறை.

மேனாட்டு மெட்டுகளில் அமைந்த நம் ஞானப்பாட்டுகளுக்கும் இது பொருந்தும். வரி முறியும் இடத்தில் சபையார் மூச்செடுக்க ஏதுவுண்டு. அங்கே பொருள் முற்றுப்பெறாதிருந்தால், வாக்கியம் துண்டிக்கப்பட்டு அறிக்கை மங்கும். எனவே, பார் கோட்டுக்குப் பாடலடி பணியாமல், பாடலடிக்கே சுரவரி பணியுமாறு பிரதிகளை ஆயத்தம் செய்வோமாக.