பன்னிரண்டு மணி நேரம் விட்டால் போதுமா?
(நமது பகுதி நேர நிருபர்)

இடப்பள்ளி:

இஸ்திரி போடும் நம் தமிழ் அன்பர் ஒருவர் என் பக்கத்து அறைக்காரர். இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர். ரத்தம் உறையாதிருக்கத் தினமும் இரவு 9 மணிக்கு வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

மழைக்காலத்தில் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தது. மருந்துக்கடையில் கேட்டு, புளுகோனசோல் மாத்திரை வாங்கினார். வால்வு மாத்திரை பற்றிக் கடையில் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"அது ராத்திரி, இது காலையில். நடுவே பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே, ஸார்!" என்றார்.

பத்தாம் நாள் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கையில் கன்றிய நீலத் திட்டுகள். ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையில் அளவு 6-ஐத் தாண்டியிருந்தது. சாதாரண மனிதருக்கு அது 1. இவருக்கு டாக்டர் வைத்த அளவு 2.5 முதல் 3.5 வரை. உடனே ஆஸ்பத்திரி போனதால் பிழைத்தார்.

காரணம் என்ன?

ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகளை நேரம் மாற்றி விட்டால் மோதாது. மருந்து அப்படியல்ல. வார்பரினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். புளுகோனசோல் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணி இடைவெளி எம்மாத்திரம்?

தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் 4 மணி நேரம் விலக்கிச் சாப்பிடச் சொல்வார்கள். அவை சேர்வது குடலில். ஆகவே இடைவெளி பலன் தரும். இங்கே சிக்கல் ஈரலில்.

கவனிக்க வேண்டியது மணிக்கணக்கு அல்ல, நாள்கணக்கு. வார்பரின் அளவு மாறினால் அதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். ஆகவே படை மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தப் பரிசோதனை வேண்டும். நிறுத்திய பிறகும் வேண்டும். அப்போது ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும். குறைத்த வார்பரினைத் திருத்தாவிட்டால் வால்வில் ரத்தம் கட்டிவிடும்!

எல்லாப் படை மருந்தும் ஒன்றல்ல. கிரிசியோபுல்வின் மாத்திரை நேர்மாறாக வார்பரின் பலனைக் குறைக்கக் கூடியது. வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் ஜெல் கூட ஆபத்தானது; இது பற்றி 2016-ல் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. இங்கு பலர் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதருக்கு மருந்தானது வார்பரின். அளவுதான் அதை மருந்தாக்குகிறது.

படைக்கு மருந்து கேட்கும் முன், "நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். வால்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வையுங்கள். பக்கத்து அறைக்காரர் இப்போது அதை ரயில் பாஸோடு வைத்திருக்கிறார்.