ரசம் வைத்தார்; கணக்கும் போட்டார்!
சீமையில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த 5 ஆண்டுகள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில், "பையன் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறான்" என்று சொல்லும் பெற்றோர்கள் பலர் இருக்கிறார்கள்.

மீனம்பாக்கத்தில் பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு ஒரே கவலை.

"வேளைக்குச் சாப்பிடுவானா? குளிரைத் தாங்குவானா?"

இன்று அந்தக் கவலை ஒரு நாள்தான். மறுநாளே பிள்ளை போனில் முகத்தைக் காட்டிவிடுகிறான்.

1914-ல் அப்படி இல்லை. கப்பல்தான், கடிதம்தான். அந்தக் காலத்தில் சீமைக்குப் போய், தானே சமைத்துச் சாப்பிட்டு, உலகப் புகழ் பெற்றார் ஒரு தமிழ் இளைஞர். அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

"போலந்து மொழி தெரியுமா?"

ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

இன்று தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்துவக் கல்லூரி, அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. (1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது.) அங்கே ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார்.

ஒருநாள் அவர் பரபரப்போடு வகுப்புக்குள் நுழைந்தார். "ராமானுஜனுக்குப் போலந்து மொழி தெரியுமா?" என்று கேட்டார்.

போலந்து நாட்டு அறிஞர் ஒருவர் வெளியிட்ட கணக்கை, அந்தக் கட்டுரை இங்கு வருமுன்பே ராமானுஜன் போட்டு வைத்திருந்தார். அதுதான் பேராசிரியருக்கு வியப்பு! வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் இதைப் பின்னால் எழுதி வைத்தார். அவர்தான் நூலகத் துறையில் பெயர் பெற்ற ரங்கநாதன்.

குடுமி போயிற்று

1913-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் கண்டுபிடித்த கணக்குகளை அதில் அனுப்பினார். ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித் தொகை கொடுத்தது. அதில் 50 பவுன் குடும்பத்துக்குப் போகும்படி ஏற்பாடு ஆயிற்று.

பயணத்துக்கு முன் குடுமியை எடுத்தார்கள். கோட்டும் கால்சட்டையும் மாட்டினார்கள். அந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்த்தால் தாங்கமாட்டார்கள் என்று, முன்னதாகவே அவர்களைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார் ராமானுஜன்.

1914 மார்ச் 17-ந் தேதி, "நெவாசா" என்ற கப்பலில் ஏறினார். 4 வாரம் கழித்து லண்டன் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26.

கம்பளி இருந்தும் குளிர்!

கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அவருக்கு நண்பரானார். (பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவியவர் இவர்தான்.)

குளிர் காலம். ராமானுஜன் கணப்பு அருகில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"இரவில் குளிர் தெரியாமல் தூங்குகிறீர்களா?" என்று கேட்டார் மகலனோபிஸ்.

"மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். அப்படியும் குளிர்கிறது" என்றார் ராமானுஜன்.

நண்பர் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் நிறைய இருந்தன! ஆனால், அவை மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டு, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தன. அதை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. நண்பர் கற்றுக்கொடுத்தார்.

நண்பர் கேட்டார், அதனால் தெரிந்தது. கேட்காத கஷ்டங்கள் எத்தனையோ!

வாணலியும் கணக்கும்

ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டு அறைக்குப் போகமாட்டார். தன் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்தார். ஊரிலிருந்து புளி வரும். தேங்காய் எண்ணெய் வரும்.

ஒருநாள் அவர் வாணலியில் காய் கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றைப் படித்தார்:

"ஒரு தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க வீடுகளின் எண்களைக் கூட்டினாலும், வலப்பக்க வீடுகளின் எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. அந்த வீட்டின் எண் என்ன?"

ராமானுஜன் கிளறுவதை நிறுத்தவில்லை. "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த ஒரு தெருவுக்கு மட்டும் அல்ல; இதுபோன்ற எல்லாத் தெருக்களுக்கும் விடை சொல்லிவிட்டார்!

விடை: 288 வீடுகள், வீட்டு எண் 204. இரண்டு பக்கமும் தொகை 20,706. வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் முறை வேண்டாம் என்றார்கள்

சாட்டர்ஜி என்ற நண்பரை ஒருநாள் விருந்துக்கு அழைத்தார். சாட்டர்ஜி தான் மணக்கப்போகும் பெண்ணோடு வந்தார். ராமானுஜன் ரசம் வைத்திருந்தார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். மூன்றாம் முறை பெண்கள் வேண்டாம் என்றார்கள்.

சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! சில நாட்கள் கழித்து, ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. தன் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து மனம் நொந்து போய்விட்டார்.

ஊர் விட்டு ஊர் போய்த் தனியே இருப்பவர் மனம் எவ்வளவு மெல்லியது, பாருங்கள்!

வராத கடிதம்

1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. சாமான்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. கணக்கில் மூழ்கினால் அவருக்கு இரவு பகல் தெரியாது. சாப்பாடும் தூக்கமும் கெட்டன. 1917-ல் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரி மாறி ஆஸ்பத்திரியாக இருந்தார். காசநோய் என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். ஈரலைத் தாக்கிய பழைய சீதபேதிக் கிருமியாக இருக்கலாம் என்று, 1994-ல் ஒரு டாக்டர் ஆராய்ந்து எழுதினார்.

நோயோடு இன்னொரு துயரம். மனைவி ஜானகியிடமிருந்து கடிதம் இல்லை. மாமியார், மருமகள் மனஸ்தாபத்தில், இருவர் கடிதங்களும் உரியவர் கைக்குப் போகவில்லை என்று வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். அங்கே அவர் ஏங்கினார். இங்கே ஜானகி ஏங்கினார்.

புகழ் மட்டும் குறையவில்லை. 1918 மே மாதம், லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் கௌரவித்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடியும் ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. 1919 ஜனவரியில் ராமானுஜன் பதில் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தன் செலவும் போக, மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் படிப்புக்குச் செலவிடும்படி கேட்டுக்கொண்டார். பணம் இல்லாமல் தான் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை!

ஜானகி எங்கே?

1919 மார்ச்சில் கப்பல் பம்பாய் வந்தது. தாய் வந்திருந்தார். "ஜானகி எங்கே?" என்றுதான் ராமானுஜன் முதலில் கேட்டார் என்பார்கள்.

சென்னைக்கு வந்தபின் ஜானகி வந்து சேர்ந்தார். கூடவே இருந்து பணிவிடை செய்தார். படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி, சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

ஜானகி தையல் கற்று, தன் கையால் உழைத்துத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். 1994-ல் காலமானார். கணவரோடு சேர்ந்து இருந்தது சில ஆண்டுகள்தான். அவர் நினைவோடு இருந்தது 74 ஆண்டுகள்!