திருத்தணிக்காகக் கட்சியை இழந்தவர்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூர் தாண்டி, திருத்தணி மலைக்கு முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும். பக்கத்தில் திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் தலம். எல்லாக் கட்சிக் கொடிகளும் பறக்கும் இந்தப் பகுதிக்குக் கட்சிப் பிளவுகள் புதியவை அல்ல. 2011-இல் திருத்தணித் தொகுதி தே.மு.தி.க.வைத் தேர்ந்தெடுத்தது. அந்த உறுப்பினர் கட்சித் தலைமையோடு முரண்பட்டு, 2016 பிப்ரவரியில் மற்ற அதிருப்தியாளர்களோடு சேர்ந்து பதவி விலகினார். கட்சித் தலைவர் விஜயகாந்தின் எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் அதோடு போயிற்று.

அடுத்து அ.தி.மு.க. 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்களுக்குக் கூவத்தூர் சொகுசு விடுதி, மார்ச்சில் இரட்டை இலைச் சின்னம் முடக்கம், ஆகஸ்டில் அணிகள் இணைப்பு, செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கம். 2022 ஜூலை 11-இல் ஓ.பன்னீர்செல்வம் நீக்கம், அதே நாளில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் அடிதடி. இந்தச் சண்டைகளில் எங்காவது ஓர் ஊரின் தண்ணீரோ, ஒரு விவசாயியின் நிலமோ பேசப்பட்டதா என்று தேடிப் பார்த்தேன். சின்னமும் பொதுச்செயலாளர் பதவியும்தான் பேசப்பட்டன. கிளைச் செயலாளரும் போஸ்டர் ஒட்டும் தொண்டரும் எந்த அணி என்று தெரியாமல் தவித்தார்கள். அந்தத் தவிப்பு எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் இதே மண் வேறொரு பிளவையும் பார்த்திருக்கிறது.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதோடு போனது. திருத்தணியும் திருவாலங்காடும் அதில் அடக்கம். தமிழாசிரியர் மங்கலங்கிழார் இங்கே ஊர் ஊராகப் போய்த் தமிழ் வகுப்பு நடத்தி, வடக்கெல்லைத் தமிழரைத் திரட்டியிருந்தார். அவரோடு கைகோத்தவர் ம.பொ.சிவஞானம். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர், காங்கிரஸ்காரராகச் சிறை சென்று உடல் நலிந்தவர். 1946-இல் தமிழரசுக் கழகம் தொடங்கியபோதும் அவர் காங்கிரஸை விடவில்லை.

சிக்கல் அங்கேதான். டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி, சென்னையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி, ஆந்திரத்தில் காங்கிரஸ் ஆதரவோடு பிரகாசம் ஆட்சி. எல்லையைப் பற்றி வாய் திறந்தால் சொந்தக் கட்சியோடுதான் மோத வேண்டும். ம.பொ.சி. மோதினார். திருத்தணியில் மறியல் செய்து கைதானார். கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் இருவரும் இந்தப் போராட்டத்தில் உயிரையே கொடுத்தார்கள். 1954-இல் ம.பொ.சி.க்கும் காங்கிரஸுக்குமான உறவு அறுந்தது. கால் நூற்றாண்டு உழைத்த கட்சி அது.

கட்டுப்பாடு இல்லாமல் கட்சி நடக்காது. அதை நான் மறுக்கவில்லை. பிற்பாடு எல்லைப் பேச்சை நடத்தி முடித்ததும் காமராஜரின் காங்கிரஸ் அரசுதான். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. ஆனால் மறியலும் சிறையும் இல்லாதிருந்தால், மத்தியஸ்தர் பட்டாஸ்கரின் மேசைக்குத் திருத்தணி வந்தே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். திருப்பதி கிடைக்கவில்லை, சித்தூர் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் ம.பொ.சி.யை விட்டு அகலவே இல்லை.

பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டு துணை வட்டமும் தமிழகத்தோடு சேர்ந்தன. அன்று ம.பொ.சி. காங்கிரஸில் இல்லை.