அறிமுறையில் அதிவிசேட சித்தி, சுருதியில் தடுமாற்றம்

மாலை ஐந்து மணிக்குப் பின்னர் வெள்ளவத்தையின் குறுக்குத் தெருக்களிலோ, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்து ஒழுங்கைகளிலோ நடந்து செல்வோருக்கு, ஏதோவொரு வீட்டிலிருந்து சுருதிப்பெட்டியின் ஒலியும் அதனுடன் சேர்ந்தும் சேராமலும் எழும் பிள்ளைகளின் குரல்களும் கேட்காமற் போவதில்லை. தனி ஆசிரியரிடம் சங்கீதம் பயில்வது எமது சமூகத்தின் நெடுநாளைய வழக்கம். யுத்தமும் இடப்பெயர்வும்கூட அதனை முற்றாக நிறுத்திவிடவில்லை. அவ்வகுப்புகளில் பிள்ளைகள் எதனைக் கற்கின்றனர், எதனைக் கற்காமலே விடுகின்றனர் என்பது குறித்துப் பெற்றோர் சற்றுச் சிந்திக்க வேண்டிய தேவை இருப்பதாக நாம் கருதுகின்றோம்.

அண்மையில் எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் பதின்மூன்று வயதுச் சிறுமியுடன் உரையாட நேர்ந்தது. நான்காம் தரத்துக்குத் தோற்றவிருந்த அவர், எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்கள் அடங்கிய பன்னிரண்டு சக்கரங்களின் பெயர்களை இந்து, நேத்திர, அக்கினி என மூச்சுவிடாது ஒப்புவித்தார். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்திமம் மட்டுமே வேறுபடும் என்பதையும் எழுதிக் காட்டினார். அருகில் இருந்த ஆர்மோனியத்தில் அவ்விரு இராகங்களின் ஆரோகணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து, எது எதுவெனக் கேட்டோம். சிறுமி தாயாரைப் பார்த்தார். தாயார் எம்மைப் பார்த்தார். முன்னைய தரத்தின் அறிமுறைப் பாடத்தில் அவருக்கு அதிவிசேட சித்தி என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இதனைச் சிறுமியின் குறையாக நாம் கொள்ளவில்லை. அவரிடம் எது கேட்கப்பட்டதோ அதனை அவர் செவ்வனே செய்திருக்கின்றார்.

1931 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளே எமது பிள்ளைகளிற் பெரும்பாலானோர் தனி ஆசிரியரை நாடுவதற்குக் காரணமாக உள்ளன. பாடசாலையில் க.பொ.த. சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதத்தை அழகியற் பாடமாகத் தெரிவு செய்தோரும் அவ்வாறே மாலை வகுப்பை நாடுகின்றனர். அறிமுறை, செய்முறை என்ற இரு கூறுகளும் இப்பரீட்சைகளில் உண்டு. பரீட்சை இல்லாதிருப்பின் பல கிராமங்களில் சங்கீத வகுப்பே இருந்திராது என்பதை மறுப்பதற்கில்லை. இருப்பினும், இரண்டு கூறுகளையும் இரண்டு தனிப் பாடங்களாகவே படிப்பிக்கும் பழக்கம் எப்படியோ எம்மிடையே வேரூன்றிவிட்டது. ஒரு நாள் பாட்டு, மற்றொரு நாள் கொப்பி. கொப்பியில் உள்ளது பாட்டில் எங்கே இருக்கின்றது என்பதைக் காட்டுவதற்கு எவருக்கும் நேரமில்லை.

உண்மையில் கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களை வகுத்தோர் அறிமுறையையும் செவியையும் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர். புரந்தரதாசர் வகுத்தவை எனப் போற்றப்படும் சரளி வரிசை, ஜண்டை வரிசை முதலியவை மாயாமாளவகௌளையில் அமைந்திருப்பதன் காரணத்தை எத்தனை பிள்ளைகள் அறிவர்? அந்த இராகத்தில் ச-ரி-க-ம என்ற முற்பாதியின் இடைவெளிகள், ப-த-நி-ச என்ற பிற்பாதியில் அப்படியே திரும்ப வருகின்றன. முதலில் ஒரு சிறு எட்டு, பின்னர் ஒரு பெரிய தாவல், மீண்டும் ஒரு சிறு எட்டு. முற்பாதியைச் சரியாகப் பிடித்த குரல் பிற்பாதியைத் தானே கண்டுகொள்ளும். மேலும், இடைவெளிகள் ஒன்றில் மிகக் குறுகியதாகவோ அன்றி நன்கு அகன்றதாகவோ இருப்பதால் பிழை உடனே காதில் உறுத்தும். இதனைப் பத்து நிமிடத்தில் பாடிக் காட்டிவிடலாம். காட்டிய பின்னர், பதினைந்தாவது மேளம் என்ற எண்ணுக்கும் பொருள் கிடைக்கும். மூன்றாவது சக்கரத்தில் மூன்றாவது இராகம் அது. சக்கரத்தின் எண் முற்பாதியையும், சக்கரத்தினுள் அதன் இடம் பிற்பாதியையும் தீர்மானிக்கின்றன. இரண்டும் மூன்றாக இருப்பதனாலேயே இரு பாதிகளும் ஒத்திருக்கின்றன. நான்காவதில் நான்காவது கரகரப்பிரியா, ஐந்தாவதில் ஐந்தாவது சங்கராபரணம். அவையும் அவ்வாறே சமபாதிகளைக் கொண்டவை. பாடிப் பார்த்த பிள்ளை இதனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளங்களின் திட்டம் ஓர் எளிய பெருக்கற் கணக்கே. ரிஷபமும் காந்தாரமும் சேரக்கூடிய வகைகள் ஆறு, தைவதமும் நிஷாதமும் சேரக்கூடிய வகைகள் ஆறு, மத்திமம் இரண்டு. ஆறை ஆறால் பெருக்கி மீண்டும் இரண்டால் பெருக்கினால் எழுபத்திரண்டு. கணிதத்தில் நாட்டமுள்ள பிள்ளைக்கு இது விளையாட்டு. ஆனால் எமது வகுப்புகளில் பெரும்பாலும் இது ஓர் அட்டவணையாகவே சென்றடைகின்றது.

இவ்விடத்தில் எமது மொழிக்கே உரிய சிக்கலொன்றையும் சொல்லியாக வேண்டும். இராகத்தின் பெயரில் வரும் முதலிரண்டு எழுத்துகளைக் கொண்டு அதன் மேள எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி முறையை அறிமுறைப் பாடத்தில் கற்பிக்கின்றனர். எழுத்துகளுக்குரிய எண்களை எடுத்துத் தலைகீழாக மாற்றினால் மேள எண் வரும். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று. ஐம்பத்தொன்றைத் திருப்பினால் பதினைந்து. நன்று. ஆனால் இம்முறை வடமொழி எழுத்து வரிசைக்கு அமைந்தது. அவ்வரிசையில் நான்கு ககரங்கள் உள்ளன. தமிழில் எழுதப்பட்ட கரகரப்பிரியாவைப் பார்க்கும் பிள்ளை, க ஒன்று, ர இரண்டு எனக் கணக்கிட்டு இருபத்தொன்று என்று விடை சொல்லும். அது கீரவாணியின் எண். கரகரப்பிரியாவில் வருவது வடமொழியின் இரண்டாவது ககரம். ஆகவே சரியான விடை இருபத்திரண்டு. விதியை முறையாகப் பின்பற்றிய பிள்ளைக்குப் பிழையும், மனனம் செய்த பிள்ளைக்குச் சரியும் கிடைப்பது விந்தையே. இதனை விளக்கிச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கின்றனர். விளக்காது விட்டால், இசை இலக்கணம் என்றாலே காரணம் கேட்கக் கூடாத ஒன்று என்ற எண்ணம் அப்பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். விஞ்ஞானப் பட்டதாரியான விபுலானந்த அடிகள், பண்டைய யாழின் நரம்புகளைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலைத் தந்த மண் இது. இங்கு காரணம் கேட்பதற்குத் தடையிருத்தல் தகாது.

தனி ஆசிரியரின் பெறுமதி எங்கே இருக்கின்றது? முதலாவதாகச் சுருதியில். கர்நாடக இசையில் ஷட்ஜத்துக்கு நிலையான இடமில்லை; பாடுவோரின் குரலுக்கு ஏற்ப அது அமையும். ஆண் குரலுக்குப் பொதுவாக ஒரு கட்டையை அண்டியும், பெண் குரலுக்கு ஐந்து கட்டையை அண்டியும் வைப்பர். இருபது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒரு சுருதியே வைக்க இயலும். அதில் ஐந்து பிள்ளைகள் கீழே இறங்க முடியாமலும், மேலும் ஐந்து பிள்ளைகள் மேல் ஷட்ஜத்தில் கத்தியும் காலத்தைக் கழிப்பர். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பையன்களின் நிலை இன்னும் பரிதாபமானது. "உமக்குச் சங்கீதம் வராது" என்ற தீர்ப்பை அவ்வயதிற் பெற்றுப் பாட்டை விட்டுவிட்ட ஆண்களை எமது தலைமுறையில் நாம் நிறையவே கண்டிருக்கின்றோம். சுருதியை இறக்கிச் சில மாதங்கள் பொறுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விடயம் அது. ஒரு பிள்ளையை மட்டும் எதிரே இருத்தி வைத்துள்ள ஆசிரியரால் இதனைச் செய்ய முடியும். தனி ஆசிரியரே பத்துப் பிள்ளைகளை ஒன்றாக இருத்திக் கற்பிப்பாராயின் அந்த அனுகூலமும் போய்விடுகின்றது.

இரண்டாவது, கமகம். எழுதப்பட்ட சுரக்குறிப்பு இசையின் எலும்புக்கூடு மாத்திரமே. தோடியின் காந்தாரத்தைக் கொப்பியில் ஒற்றை எழுத்தாக எழுதலாம். பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளையே அமைத்தார். அக்குறியீடுகளைப் படிப்போரும் முதலில் அவ்வசைவை ஒரு குரலிலிருந்து கேட்டிருக்க வேண்டும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அல்குர்ஆன் ஓதல் இசையன்று. இரண்டையும் ஒன்றாக்குவது எமது நோக்கமுமன்று. கற்பிக்கும் முறையை மட்டுமே இங்கு குறிப்பிடுகின்றோம். தஜ்வீத் விதிகள் நூல்களில் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. அவ்வாறிருந்தும், நூலை மட்டும் படித்து எவரும் ஓதப் பழகுவதில்லை. பிள்ளை ஓதுகின்றது, எதிரே அமர்ந்திருக்கும் உஸ்தாத் கேட்கின்றார், எழுத்து பிறக்கும் இடம் பிசகினால் நிறுத்தித் திருத்துகின்றார். நீட்டல் குறைந்தால் மீண்டும் ஓதச் செய்கின்றார். விதியின் பெயரைப் பிள்ளை பெரும்பாலும் பின்னரே அறிகின்றது. வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்குமாக அறிவு கைமாறும் இந்த ஒழுங்கு மத்ரஸாக்களில் இன்றும் பேணப்படுகின்றது. சங்கீத வகுப்புகளில் அது தளர்ந்து வருகின்றது.

மேலைத்தேய சங்கீதத்திலும் நிலைமை முற்றிலும் வேறல்ல. கொழும்பில் பியானோ, வயலின் பயிலும் பிள்ளைகள் தோற்றும் இலண்டன் றோயல் இசைக் கல்லூரிகளின் இணைந்த சபை 1889 இல் நிறுவப்பட்டது. அதன் செய்முறைப் பரீட்சையின் 150 புள்ளிகளில் முன்பின் பார்த்திராத இசைக்குறிப்பைக் கண்டவுடன் வாசிப்பதற்கு 21 உம், செவிப் பரிசோதனைக்கு 18 உம் ஒதுக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் தரத்துக்கு மேற்செல்ல விரும்புவோர் முன்கூட்டியே ஐந்தாம் தர அறிமுறையிலோ அதற்கு ஈடான பரீட்சையிலோ சித்தியடைந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அறிமுறையும் செவியும் இன்றி மேலே ஏற முடியாது என்ற கொள்கையே இதன் அடிப்படை. ஆயினும் 2020 இல் அச்சபை, செவிப் பரிசோதனையும் கண்டவுடன் வாசித்தலும் இல்லாத, ஒளிப்பதிவு செய்து அனுப்பக்கூடிய மற்றொரு பரீட்சை வழியையும் திறந்துள்ளது. கொவிட் முடக்க காலத்தில் அது பலருக்குக் கைகொடுத்தது. அவ்வழியில் மட்டும் செல்லும் பிள்ளைக்குச் செவிப் பயிற்சி கொடுப்பதா இல்லையா என்பது இப்போது முற்றுமுழுதாக ஆசிரியரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாகிவிட்டது.

எமது அனுபவத்தையும் சொல்லலாம். 1980களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் வயலின் வாத்தியார் ஒருவரிடம் நாம் பயின்றோம். முதல் ஆறு மாதங்களுக்குக் கொப்பி கொண்டுவரக் கூடாது என்பது அவரது கட்டளை. அவர் இரண்டு சுரங்களை 'அ' என்ற ஒலியிற் பாடுவார். அவை எவையெனச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் பிரம்பு இல்லை, ஏச்சு இல்லை, மீண்டும் பாடுவார். தெரிந்த பாட்டொன்றைத் தந்து அதன் சுரத்தை வீட்டிற் கண்டுபிடித்து வருமாறு கூறுவார். அப்போது அது எமக்குப் பெரும் வதையாகவே இருந்தது. அதன் பயன் 1990களில் தெரிந்தது. மின்சாரம் இல்லை, பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. திருச்சி வானொலியில் ஒலிபரப்பாகும் கச்சேரியின் நடுவிலேதான் பெரும்பாலும் தொடர்பு கிடைக்கும். அறிவிப்பாளர் இராகத்தின் பெயரைச் சொல்லி முடித்திருப்பார். பெடலை மிதிப்பவர் களைப்பதற்கு முன்னர் அது என்ன இராகமென்று நாமே கண்டுபிடித்தாக வேண்டும். நாம் வித்துவான் ஆகவில்லை, பத்திரிகைக்கு வந்துவிட்டோம். ஆனால் கேட்கத் தெரிந்தது எஞ்சியது.

பெற்றோர் ஆசிரியரிடம் எதனைக் கேட்கலாம் என்று சிலர் எம்மிடம் வினவுவதுண்டு. அடுத்த தரத்துக்கு எப்போது தோற்றலாம் என்பதே வழமையான கேள்வி. அதற்குப் பதிலாக, இம்மாதம் பிள்ளை எதனைக் கேட்டு அடையாளம் காணப் பழகியது எனக் கேட்டுப் பார்க்கலாம். கையால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் போட்டுக்கொண்டே சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாட இயலுமா, பாட்டை இடையில் நிறுத்தினால் எந்த அட்சரத்தில் நிற்கின்றோம் எனச் சொல்ல இயலுமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். இதற்குப் பெற்றோருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். கையடக்கத் தொலைபேசியில் இப்போது தம்புரா ஒலி இலவசமாகவே கிடைக்கின்றது. தினமும் பத்து நிமிடம் அதனுடன் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் ஆகிய மூன்றை மட்டும் பிடித்து நிற்பது, வாரமொருமுறை புதிய கீர்த்தனையொன்றை அரைகுறையாகப் பாடுவதை விடப் பெரிது.

ஆசிரியர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாடசாலை நியமனம் கிடைக்காத சங்கீதப் பட்டதாரிகள் பலர் வீட்டுக்கு வீடு சென்று கற்பித்தே சீவிக்கின்றனர். வகுப்பு நடந்தால் பணம். பரீட்சைக் காலத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூஷன் என்று சங்கீத வகுப்பே முதலில் நிறுத்தப்படும். ஆறு மாதம் செவிப் பயிற்சி மட்டும் கொடுக்கும் ஆசிரியரை, "ஒரு பாட்டும் படிப்பிக்கவில்லை" என்று மாற்றிவிடும் பெற்றோரும் எம்மிடையே உள்ளனர். வருடத்துக்கொரு சான்றிதழ் என்ற அவசரத்தை உண்டாக்கியோர் ஆசிரியர்கள் மட்டுமல்லர்.

மேலே குறிப்பிட்ட சிறுமியின் தாயார் சில வாரங்களின் பின்னர் எம்முடன் தொலைபேசியில் உரையாடினார். இவ்வருடம் மகளைப் பரீட்சைக்குத் தோற்றுவிப்பதில்லை என ஆசிரியையுடன் கலந்து தீர்மானித்துள்ளனராம். ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது நாலரைக் கட்டையில் சுருதி வைத்திருக்கின்றார்கள். சங்கராபரணத்தைப் பாடி, மத்திமத்தை மட்டும் மாற்றிக் கல்யாணிக்குச் செல்வதே தற்போதைய வீட்டுப் பாடம். மூன்று தடவையில் இரண்டு தடவை சரியாக வருகின்றதாம்.